கை வைத்தது யார்

சிக்னல் இல்லை என்கிறது. கறுப்புத் திரையில் சின்னப் பெட்டி ஒன்று இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மிதந்து மிதந்து போய்க்கொண்டு, சிக்னல் இல்லை, சிக்னல் இல்லை. முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் இருந்ததே. நேற்று ஆயுத பூஜை, நாள் முழுக்க உன்னை வேலை வாங்காமல் வைத்திருந்தேன், பொரிகடலை படைத்தேன், சூடம் காட்டினேன், இன்றைக்கு விஜயதசமி என்று தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் சிக்னல் இல்லையா உனக்கு. மணி ஒன்பது ஐந்து. பதினோரு மணிக்குத் தவசிலிங்கம் சார் வருகிறார். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர், மணி என்றால் மணிதான், விசில் ஊதி ஊதிப் பழகியவர். நாளைக் காலையில் அவர் வீட்டுக்கு பீம் காங்கிரீட். கம்பி கட்டி, பலகை அடித்து, முட்டுக் கொடுத்து எல்லாம் தயார். படிக்கட்டு பிறகுதான் வரும். வரும்போது ஆறாவது படியில் நின்றால் அந்த பீம் படியிலிருந்து ஐந்தே முக்கால் அடி உயரத்தில் இருக்கும். சார் ஆறடி இரண்டு அங்குலம். தினமும் மாடிக்கு ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று, மண்டையில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்றைக்கு நிறுத்தினால் பலகையைப் பிரித்துத் தூக்கிக் கட்டிவிடலாம். நாளைக்கு ஊற்றிவிட்டால் முடிந்தது கதை. போனில் சொன்னேன். "கண்ணால பாத்தா நம்புதேம்மா. பாக்காம, முப்பது வருச மேஸ்திரியை எப்படி நிறுத்தச் சொல்ல?" என்றார். நியாயம்தான். படியும் இல்லை, பீமும் இல்லை, எதைப் போய்ப் பார்ப்பார் மனுஷன். இந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் பார்க்க முடியும். வீட்டை முழுசாக இதற்குள் கட்டி வைத்திருக்கிறேன். அவர் கண் உயரத்தில் நடந்து போய்ப் பார்க்கலாம். அதைக் காட்டத்தான் இந்த கிராபிக்ஸ் கார்டு. அதற்குத்தான் சிக்னல் இல்லையாம்.

சரி, பதறாதே. மானிட்டர் ஒயரை கார்டிலிருந்து பிடுங்கி மதர்போர்டின் சொந்த ஓட்டையில் சொருகு. வந்துவிட்டது பார், படம் வந்துவிட்டது, அப்படியானால் மானிட்டர் செத்துப்போகவில்லை, கம்ப்யூட்டர் செத்துப்போகவில்லை. டிவைஸ் மேனேஜரைத் திற. பட்டியல். கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது, என்றைக்கோ மாட்டித் தூக்கிப்போட்ட பிரிண்டர் கூட இருக்கிறது. கார்டின் பெயரைக் காணோம். மஞ்சள் முக்கோணம் போட்டு ஆச்சரியக்குறி வைத்திருந்தாலாவது ஆள் இருக்கிறான், உடம்புக்கு முடியவில்லை என்று தெரியும். பெயரே இல்லை. ஓட்டுப் போடப் போய் நின்றால் உங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்பார்களே, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நான்தாங்க நான்தாங்க என்று நிற்போமே, அது போல. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் கார்டின் இரண்டு விசிறியும் ஜோராகச் சுற்றுகிறது. உயிரோடு இருக்கிறது. அப்படியானால் டிரைவர்தான். முந்தாநாள் அணைக்கும்போது அதுவாகவே எதையோ புதுப்பிக்கிறேன், அணைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சியது. யார் கேட்டார்கள் உன்னைப் புதுப்பிக்க? நன்றாக ஓடுகிறதைத் தொடாதே என்று ஒரு சின்னப் புத்தி இருக்க வேண்டாமா? டிரைவர் என்பது என்ன, நம்ம பாஷை தெரியாத சமையல்காரருக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற ஆள். அந்த ஆள் சரியில்லை. அவனை முதலில் வெளியே அனுப்புகிறேன். அன்இன்ஸ்டால். நிச்சயமாகவா என்று கேட்கிறது. நிச்சயமாகத்தான். ரீஸ்டார்ட்.

மறுபடி திறக்கிறவரை இந்த வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, புள்ளி புள்ளியாக. வீடெல்லாம் சந்தன வாசனை. நேற்று அரைத்தது கிண்ணத்தில் மிச்சம் காய்ந்து கிடக்கிறது. வெளியே யாரோ பூசணிக்காய் உடைத்ததைப் பொறுக்காமல் விட்டிருக்கிறார்கள், ஆட்டோக்காரர் ஒருத்தர் திட்டிக்கொண்டு போகிறார். நேற்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். மவுசுக்கு வைத்தேன், மானிட்டர் நெற்றியில் வைத்தேன், யு.பி.எஸ்.ஸுக்கு, டேப்புக்கு, ஐ.டி.ஐ.யில் வாங்கிய ஸ்டீல் ஸ்கேலுக்கு, அழி ரப்பருக்கு, என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவிலிருந்து கொண்டுவந்த ஸ்பேனருக்கு. இன்று காலையில் சூடம் காட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டுக் கும்பிட்டு எடுத்தேன். கார்டை எடுத்து மாட்டினேன், கிளிக் என்று சத்தம் கேட்டது, திருகாணி இரண்டையும் இறுக்கினேன். இறுக்கினேனா? இறுக்கினேன். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். என் வேலை சரி. டிரைவர்தான். இதோ இன்ஸ்டாலர், பச்சைக் கோடு நகர்கிறது, நகரு நகரு, பத்து சதவீதம். நின்றுவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் பொருத்தமான கார்டு எதுவும் இல்லை, நன்றி, மூடு என்கிறது. நன்றி வேறு. அங்கே இரண்டு விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, இங்கே கார்டே இல்லை என்கிறாய். பழைய ஆபீஸ் முதலாளி குருநாதன் சார் இங்கே இருந்திருந்தால் இப்போது கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு கேட்டிருப்பார், யாரு கை வச்சா? பதினோரு வருஷம் கேட்டேன் அந்தக் கேள்வியை. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் யாரு கை வச்சா. பைல் தொலைந்தால் யாரு கை வச்சா. ஆபீசில் இருந்ததே அவரும் நானும்தான். அவர் கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். நான் என் கையைப் பார்ப்பேன்.

மூன்று மாதமாகிறது அந்த ஆபீசை விட்டு வந்து. இனிமேல் என் கையை நானே பார்த்துக்கொள்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை. உடம்புக்கு முடியலை சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழை. அது இருக்கட்டும். பழைய டிரைவர் பென் டிரைவில் இருக்கிறது, நன்றாக ஓடிய காலத்து டிரைவர், அதைப் போடு. சேப் மோடில் போய், மிச்சம் மீதி எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போடு. எழுத்தெல்லாம் ஒன்றாம் வகுப்புப் புத்தகம் மாதிரி பெரிசு பெரிசாக வருகிறது. மணி ஒன்பது நாற்பது. போன். அவர்தான், டிப்போவிலிருந்து. பின்னால் பஸ் இன்ஜின் உறுமுகிறது.

"என்ன செம்பகம், ஓடுச்சா?"

"ஓடும்."

"ஓடுச்சான்னு கேட்டேன்."

"ஓடும்னு சொன்னேன்லா."

"ஏன் கோவப்படுத? நேத்தே சொன்னேன், அதைக் கழட்டாத, வெளிய மட்டும் தொடைச்சாப் போதும்னு."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இது டிரைவர் கோளாறு."

"டிரைவர் கோளாறுன்னா எங்க டிப்போல சஸ்பெண்ட் பண்ணிருவாங்க," என்று சிரித்துவிட்டு வைத்தார். சிரிக்கட்டும். பாவம், நல்ல மனுஷன்தான், ஆனால் இப்போது பிடிக்கவில்லை. கழட்டாத என்றார். கழட்டினேன். அது தூசி மண்டிக் கிடந்தது, கம்பளி போர்த்தியது மாதிரி. பூஜை அன்றைக்காவது சுத்தம் பண்ணாமல் எப்போது பண்ணுவது? சின்ன பிரஷ்ஷால் துடைத்து, வாழை இலையில் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பொருத்தமான கார்டு எதுவும் இல்லை. பழைய டிரைவரும் அதையேதான் சொல்கிறது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள்.

ரூபனைக் கூப்பிட வேண்டாம் என்றுதான் இருந்தேன். இந்த கார்டை வாங்கித் தந்து மாட்டிக் கொடுத்தவன், நல்ல பையன், கல்யாணமாகி இரண்டு பிள்ளை, ஆனால் பேசுகிறபோது அக்கா அக்கா என்று சொல்லிக்கொண்டே உங்களுக்கு இது எதுக்கு என்கிற மாதிரி ஒரு குரல். கூப்பிட்டேன். மணி பத்து. சாத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையாக இருக்கிறானாம், சாயங்காலம்தான் வருவானாம். "விசிறி சுத்துதாக்கா? அப்ப கரண்ட் போவுது. கார்டைக் கழட்டி மாட்டிப் பாத்தீயளா? யாரும் கை வச்சாங்களா?" யாரும் இல்ல என்றேன். வாயிலிருந்து அதுவாக வந்துவிட்டது. யாரும் இல்ல, ரூபன். போனை வைத்த பிறகும் காதில் நிற்கிறது, யாரும் இல்ல. நாற்பத்தொரு வயது, டிராப்ட்ஸ்மேன் சர்டிபிகேட் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது, பச்சைப் பொய். ஏன் சொன்னேன்? திட்டப் போகிறானா? அவன் யார் என்னைத் திட்ட? பக்கத்தில் யாரும் கூட இல்லை, சீலிங் ஃபேன் ஒன்றுதான் மேலே கடகடவென்று சுற்றுகிறது, ஆனாலும் காது சூடாகிவிட்டது. இந்தப் பொய்க்குப் பக்கத்தில் இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது, அதை நான் பார்க்கவில்லை, பார்க்க மாட்டேன், இப்போது அதற்கு நேரமில்லை. தவசிலிங்கம் சாரிடம் என்ன சொன்னேன்? பிளான்ல ஒரு தப்பு இருக்கு சார் என்றேன். பிளான்ல. யாரோ போட்ட பிளான் மாதிரி. கீழே குருநாதன் சார் கையெழுத்துதானே இருக்கிறது.

பயாஸில் போய்ப் பார்ப்போம். எப்.டூவா டெலிட்டா, இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டு. அங்கேயும் கார்டு இல்லை. அந்த இடத்துக்கு டிரைவரே கிடையாது, விண்டோஸே திறக்காத இடம், அங்கேயும் இல்லை என்றால் டிரைவர் கோளாறு இல்லை. இல்லை. எனக்குத் தெரியும், ஒன்பது மணிக்கே தெரியும் என்று கூடச் சொல்லலாம். பெயரே இல்லாத ஆளுக்கு எந்த டிரைவரைப் போட்டு என்ன? ஒரு மணி நேரம் சமையல்காரரே வராத அடுப்படியில் சப்ளையரை மாற்றி மாற்றி வேலைக்கு வைத்துக்கொண்டிருந்தேன். ஏன்? டிரைவர் என்றால் யாரோ எங்கேயோ செய்த தப்பு. பெட்டியைத் திறந்தால் நான். அன்றைக்கும் இப்படித்தான், சித்திரை மாதம், குருநாதன் சார் சாப்பிடப் போகிற அவசரத்தில், சாத்தூர் வீட்டுக்குப் போட்ட பீமை அப்படியே எடுத்துப் போடு என்றார். காப்பி, பேஸ்ட். சாத்தூர் வீட்டில் படி வடக்கே. இங்கே படி தெற்கே. பீமுக்குக் கீழே படி வருகிறது என்று யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்? கோடு போட்ட கைக்கு. போட்டுவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன், எலுமிச்சம்பழச் சாதம், அது ஞாபகம் இருக்கிறது, அந்தக் கோடு ஞாபகம் இல்லை. முந்தாநாள்தான் இந்தப் பெட்டிக்குள் அந்த வீட்டைக் கட்டி, எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று படியேறினபோது திரை முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. பீமுக்குள்ளே என் தலை. அன்று ஒரு வாய் சாப்பிடவில்லை. மணி பத்து இருபது. போதும் செண்பகவல்லி. பவரை அணை. ஒயரைப் பிடுங்கு. திற.

இரும்புக் கதவைத் தொட்டுக் கையைத் தட்டிவிட்டுக்கொள், ஸ்டாட்டிக் இருக்கக் கூடாது. பக்கத்து மூடி. திருகாணி ஒன்று, இரண்டு. இறுக்கித்தான் இருக்கிறது, சொன்னேன்லா. பவர் ஒயரைக் கழற்று, அந்தச் சின்னக் கொக்கியை அமுக்கு, பிடி, நேராக மேலே இழு, சாய்க்காதே. வந்துவிட்டது. கனமாக இருக்கிறது, கைக்குள் ஒரு பெருமையான கனம். திருப்பு. ஐயோ. ஐயோ, ஐயோ. தங்கப் பல் வரிசை, ஸ்லாட்டுக்குள் போய்க் கடித்துக்கொண்டு பேச வேண்டிய பல் வரிசை, அதன் நட்ட நடுவில் சந்தனம். நேற்று வட்டமாக வைத்தது, இன்று காலையில் அமுக்கி உள்ளே தள்ளினபோது கோடாக இழுத்துக் கொண்டு, நடுவில் குங்குமம் சிவப்பாக, காய்ந்து, சுண்ணாம்பு அப்பின சுவர் மாதிரி. ஆமாம். ஆமாம், வைத்தேன். இலைக்கு முன்னால் உட்கார்ந்து விரலில் சந்தனத்தோடு யோசித்தேன், இதற்கு நெற்றி எது? ஸ்பேனருக்குத் தலை இருக்கிறது, மானிட்டருக்கு முகம் இருக்கிறது. விசிறியில் வைத்தால் சுற்றும்போது தெறிக்கும். ரொம்ப யோசித்து, கெட்டிக்காரத்தனமாக, எது தங்கமாக மின்னுகிறதோ அதுதான் முகம் என்று முடிவு பண்ணி வைத்தேன். அழகாக இருந்தது. இரண்டு கன்னத்திலும் கூட வைத்து, போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். சிரிப்பு வருகிறது. தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் வருகிறது, இது சிரிப்புத் தண்ணீர்தானா? யாரு கை வச்சா? நான்தான் சார். பக்தியோடு வைத்தேன்.

பத்து முப்பத்தைந்து. தண்ணீர் படக் கூடாது. அழி ரப்பர், ரூபன் ஒரு தடவை மெமரிக்கு அப்படித்தான் செய்தான், வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே பக்கமாக. என் ரப்பர் இலையில் பொட்டோடு கிடக்கிறது. முதலில் உன் பொட்டை அழிக்கிறேன், கோவித்துக்கொள்ளாதே. மேலிருந்து கீழாக. மஞ்சள் தூள் உதிர்கிறது, பிசிர் பிசிராக, உள்ளே இருந்து தங்கம் வருகிறது. அழுத்தாதே. பன்னிரண்டு வயதிலிருந்து ரப்பர் பிடித்த கை இது, எவ்வளவு அழுத்தினால் கோடு போகும், எவ்வளவு அழுத்தினால் பேப்பர் கிழியும் என்று தெரியும். இந்தப் பக்கமும். ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார், அங்கேயும் இரண்டு துணுக்கு. புது டூத் பிரஷ் ஒன்று பிரிக்காமல் இருக்கிறது, அதால் தட்டிவிடு. வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். மறுபடி பிரஷ். மறுபடி டார்ச். போயே போய்விட்டது. வை, நேராக, இரண்டு ஓரத்தையும் சமமாக அமுக்கு. கிளிக். காலையிலும் இதே கிளிக்தான் கேட்டது, இதை நம்புவதற்கில்லை. திருகாணி. பவர் ஒயர். மானிட்டர் ஒயரை கார்டிலேயே சொருகுகிறேன், வந்தால் அதில் வா, இல்லையென்றால் வராதே. ஸ்விட்ச். கறுப்பு. கறுப்பு. சிக்னல் இல்லை என்று மட்டும் எழுதாதே. கறுப்பு. வந்தது. பெரிசு பெரிசாக, அசிங்கமாக, கோணல்மாணலாக, வந்துவிட்டது. பட்டியலில் மஞ்சள் முக்கோணத்தோடு ஒரு பெயர். இத்தனை அழகான முக்கோணத்தை நான் பார்த்ததே இல்லை. பத்து ஐம்பத்திரண்டு. இப்போது போடுகிறேன் டிரைவர், இப்போது ஆள் இருக்கிறான். பத்து சதவீதம் தாண்டியது. முப்பது. வாசலில் பைக். விசில்காரர் இரண்டு நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார்.

"வாங்க சார், உக்காருங்க. அஞ்சு நிமிசம்."

"கம்ப்யூட்டர் ரிப்பேராம்மா?" என்று நிலையில் குனிந்து உள்ளே வந்தார். எங்கள் வீட்டு நிலை ஆறடி. குனிந்தே பழகினவர், பஸ்ஸில், கோயிலில், எல்லோர் வீட்டிலும். தன் வீட்டிலாவது நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று முதல் நாள் குருநாதன் சார் ஆபீசுக்கு வந்தபோது சொன்னார். நான் தலையைத் தூக்காமல் அதைக் குறிப்பு எழுதினேன்.

"ரிப்பேர்தான் சார். சரி பண்ணிட்டேன்."

அறுபத்து மூன்று சதவீதத்தில் திரை சட்டென்று இருண்டது. சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். இது செய்யும், டிரைவர் மாறும்போது ஒரு தடவை கண்ணை மூடித் திறக்கும், தெரியும், தெரிந்தும் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. திறந்தது. எழுத்தெல்லாம் சின்னதாகி, கூர்மையாகி, அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சாரே "அடேயப்பா" என்றார். ரீஸ்டார்ட். டீ போட்டுக் கொடுத்தேன். பைலைத் திறந்தேன். திறந்தது. வாசல், நிலை, ஹால், ஜன்னல் வழியாகத் தரையில் வெயில்.

"இது என் வீடாம்மா?"

"உங்க வீடுதான் சார். உங்க கண்ணு இருக்கிற உயரத்துல வச்சிருக்கேன். வாங்க, மாடிக்குப் போவோம்."

அம்புக்குறிச் சாவியை அமுக்கினேன். படி ஒன்று. இரண்டு. சார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து பார்க்கிறார். மூன்று. நான்கு. சொல்லக் கூடாது, பார்க்கட்டும். ஐந்து. சாம்பல் நிற பீம் மேலிருந்து இறங்கி வருகிறது. ஆறு. தவசிலிங்கம் சார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சடக்கென்று குனிந்தார்.

பிறகு நிமிர்ந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டார். "பால்துரை, நாளைக்குக் காங்கிரீட் வேண்டாம். ஏன்னு நேர்ல சொல்லுதேன். மொதல்ல பலகையைப் பிரி." போனைச் சட்டைப் பையில் போட்டார். திரையில் எங்கள் முகத்துக்கு நேரே பீம் நின்றுகொண்டிருந்தது.

"யாரும்மா இதை இங்க போட்டது?"

பிளான்ல தப்பு சார் என்று நாக்கு ஆரம்பித்துவிட்டது. கையைப் பார்த்தேன். நகத்துக்குள் மஞ்சளாகக் கொஞ்சம் சந்தனம்.

"நான்தான் சார். குருநாதன் சார் ஆபீஸ்ல, சாத்தூர் வீட்டுலேர்ந்து எடுத்து ஒட்டினேன். கீழ படி வருதான்னு பாக்கல. என் கைதான்."

சார் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் வரிசையில் நின்று நான்தான் சார் என்று சொல்லும்போது எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்பாரோ. காது சூடாகவில்லை. அதை நான் கவனித்தேன்.

"அப்ப நீயே அழிச்சிரு," என்றார். "எங்க வரணுமோ அங்க போடு. நான் இருக்கேன்."

மவுஸில் நேற்று வைத்த பொட்டு இன்னும் இருந்தது. அதன் மேலேயே விரலை வைத்து அந்த பீமைக் கிளிக் செய்து அழித்தேன்.